மூச்சு விடாத கொட்டகை

தச்சர் தன் மனைவியை முதல் தடவை கொன்றது ஒரு புதன்கிழமை, சாப்பாட்டு மணி அடிப்பதற்குச் சற்று முன்னால். அன்று சாயங்காலம் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் வீடு திரும்பினார்கள். அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. ஊருக்கு வெளியே மூடிக்கிடந்த நூல் ஆலையில் பேய்ப்படம் பிடித்துக்கொண்டிருந்த கம்பெனியில் அவர் செட் போடுகிற தச்சர்; அவள் வெளிச்சத்துக்கு நிற்கிறவள். அதாவது, நடிகை வந்து நிற்பதற்கு முன்னால் அதே இடத்தில் அசையாமல் நின்று, விளக்கு முகத்தில் சரியாக விழுகிறதா என்று பார்க்க உதவுகிறவள். அன்றைக்கு முதலில் சாக வேண்டிய நடிகைக்கு வயிற்றுப்போக்கு. முகமூடி போட்டுக் குத்த வேண்டிய ஸ்டண்ட்காரர் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். டைரக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். தோள் அகலமாக இருந்த ஒரே ஆள் தச்சர்; ஏற்கெனவே வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்த ஒரே பெண் அவர் மனைவி. கத்தி, அழுத்தினால் அலகு பிடிக்குள்ளே போய்விடுகிற பொய்க் கத்தி. அதன் ஸ்பிரிங் மக்கர் பண்ணுகிறது என்று காலையில்தான் தச்சரிடம் கொடுத்திருந்தார்கள். அவரும் நன்றாகத்தான் சரிசெய்தார். திருப்பி மாட்டும்போது மட்டும், அலகு ஆடுகிறதே என்று ஒரு ஆணியை உள்ளே இறக்கிவிட்டார். தச்சர் கை, ஆடுகிற எதைப் பார்த்தாலும் சும்மா இருக்காது.

கத்தி பிடிவரைக்கும் இறங்கியது. அவள் கத்தினாள், சுவரைப் பிடித்தாள், சுவர் அட்டை என்பதால் அதுவும் கிழிந்தது, விழுந்து செத்தாள். கம்பெனி நர்ஸ் ஓடிவந்து நாடி பார்த்தாள், இல்லை. கேமராவை விட்டுக் கண்ணை எடுக்காத டைரக்டர், இவ்வளவு நன்றாக யாரும் செத்ததில்லை என்ற சந்தோஷத்தில் "கட்" என்றார். உடனே அவள் எழுந்து உட்கார்ந்து, "சரியா வந்துச்சா சார்?" என்று கேட்டாள். குத்திய இடத்தில் தையல் போட்ட மாதிரி ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. அன்று எல்லோரும் கொஞ்சம் தாமதமாகச் சாப்பிட்டார்கள்.

அதுவரைக்கும் இந்த ஊர் பேய்ப்படத்துக்குப் பயந்த சரித்திரம் கிடையாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே பேயே நேரில் வந்து நின்றாலும் இடைவேளை விட்டால் டீ குடிக்கப் போய்விடுவார்கள். எல்லாம் மனப்பாடம். கதவு தானாகத் திறந்தால் பூனை. பூனை போன பிறகு வருவதுதான் அசல். குளியலறைக் கண்ணாடி அலமாரியைச் சாத்தினால் பின்னால் ஆள் நிற்பான். கார் கிளம்பாது, போன் வேலை செய்யாது, ஓடுகிற பெண் சமதரையில் தடுக்கி விழுவாள். "நான் போய் என்னன்னு பாத்துட்டு வர்றேன்" என்று சொன்னவன் திரும்பி வந்ததாக வரலாறு இல்லை. கொட்டகையே சேர்ந்து புத்தி சொல்லும்: "அடியே, லைட்டைப் போடுடி!" "வாசல் இங்க இருக்கு, மாடிக்கு ஏன்டி ஓடுற?" பேய்ப்படம் என்பது அவர்களுக்கு அடுத்தவன் முட்டாள்தனத்தைப் பார்த்துச் சிரிக்கிற இடம், அவ்வளவுதான்.

அந்தப் படம் வந்தபோதும் சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தார்கள். தச்சரின் மனைவி கதவருகே போனதும் "திறக்காதடி" என்று வழக்கம்போலச் சத்தம் போட்டார்கள். அவள் திறந்தாள், கத்தி இறங்கியது, அவள் கண்ணிலிருந்து பார்வை போனது. சாவுப் படுக்கை பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். கொட்டகையில் அப்படி உட்கார்ந்திராதவர்கள் யாரும் இல்லை. அப்புறம் ஒரு சத்தம் இல்லை. படம் விட்டு வெளியே வந்தவர்களுக்கு அசுரப் பசி. எதிர்க் கடையில் எல்லாம் தீர்ந்து, வெறும் டீயையும் வாங்கிக் குடித்தார்கள். வருடக்கணக்காகப் பேசாத ஒரு புருஷனும் பெண்டாட்டியும் கையைக் கோத்துக்கொண்டு நடந்து போனதைப் பார்த்தவர்கள் உண்டு. கசாப்புக்கடைக்காரர் மறுநாளும் அதே வரிசையில் வந்து உட்கார்ந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "நாள் முழுக்க வெட்டுறேன், ஒண்ணுமே தோணினதில்ல. அந்தப் பொண்ணு விழுந்ததும் என் கழுத்துல நாடி துடிக்கிறது எனக்கே கேட்டுச்சுங்க. அடடா, நாம இருக்கோம்னு தோணுச்சு" என்றார். பேய்ப்படத்துக்கு ஏன் ஜனங்கள் போகிறார்கள் என்று படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்களாம். இதைவிட வேறென்ன எழுதிவிடப் போகிறார்கள்.

அதற்குப் பிறகு அவளை வெளிச்சத்துக்கு நிற்க விடவில்லை. ஒவ்வொரு படத்திலும் முதலில் செத்தாள். கோடாலியால், ரம்பத்தால், கண்ணாடிச் சில்லால் செத்தாள். மாடிப்படியில் உருண்டு கழுத்து முறிந்து செத்தாள். ஒரு தடவை கிணற்றுக்குள் தலைகீழாகப் போனவளை வாளிக் கயிற்றோடு சேர்த்து மேலே இழுத்தார்கள். முகமூடி எப்போதும் தச்சர்தான். வேறு யாரையாவது போட்டால் கண்ட இடத்தில் வெட்டுவான், தன்னைக் குத்துகிற கை பழகிய கையாக இருக்கட்டும் என்று அவளே சொல்லிவிட்டாள். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். இவள் விஷயத்தில் இறந்தால் மட்டும்தான் என்று கம்பெனியில் கேலி பேசுவார்கள். அவளும் சிரிப்பாள். மேக்கப்காரர்கள் முன்பெல்லாம் காயம் வரைந்துகொண்டிருந்தார்கள். இப்போது அவள் உடம்பில் இருக்கிற வெள்ளைக் கோடுகளை மறைப்பதே அவர்களுக்கு வேலையாகிவிட்டது.

வீட்டில் மூன்று பேர். மூன்றாவது ஆள் தச்சரின் அக்கா, கம்பெனித் தையல்காரி. தம்பியின் முகமூடியைத் தைத்தவள் அவள்தான். தம்பி மனைவி செத்த சட்டைகளில் ரத்தம் போகத் துவைத்து, கிழிசலை ஒட்டுத் தெரியாமல் தைப்பவளும் அவள்தான். வாய்க்கு மட்டும் தையல் கிடையாது. "ஏன்டா, இப்படி முதுகுல குறுக்கே கிழிச்சா நான் எப்படிடா ஒட்டுப் போடுறது? நேரா குத்தத் தெரியாதா உனக்கு?" என்பாள். தச்சர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார். மனைவி தன் பங்குக்கு, "அண்ணி, அதை விடுங்க. இன்னிக்கு எலும்புல போய்க் குத்துறாரு. விலா எலும்பு ரெண்டுக்கும் நடுவுல, இங்க, இப்படி மேல் பக்கமா தூக்கிக் குத்துங்கன்னு எத்தனை தடவை சொல்றது? சட்டுனு போயிடும், வலிக்காது" என்று விரலை வைத்துக் காட்டுவாள். நாலு வார்த்தை பேச நாற்பது தடவை யோசிக்கிற மனிதர் அவர். "சரி" என்று மட்டும் சொல்வார். கொல்லைக்குப் போய் வாந்தி எடுப்பது முதல் வருடத்தோடு நின்றுவிட்டது. கை பழகிவிட்டது. அது பழகிவிட்டது என்பதுதான் அவருக்குப் பயம். அதை யாரிடமும் அவர் சொல்லவில்லை, அக்காவுக்கு மட்டும் தெரியும்.

ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரிந்தே நடந்தது. அவள் எழுந்திருக்கிற நேரம் நீண்டுகொண்டே போனது. முதலில் "கட்" என்றதும் எழுந்தாள். அப்புறம் ஒரு டீ கொதிக்கிற நேரம் ஆனது. அப்புறம் அவளைக் கொல்கிற காட்சிகளைக் காலையிலேயே எடுக்க ஆரம்பித்தார்கள், சாயங்கால பஸ்ஸுக்குள் எழுந்துவிட வேண்டுமே என்று. கிணற்றில் செத்த நாளில் செட்டைப் பிரித்து அடுக்கி, விளக்குகளைத் துடைத்து, வண்டியில் ஏற்றி முடித்த பிறகுதான் கண்ணைத் திறந்தாள். திறந்தவள் யாரையும் பார்க்காமல் வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு. அதற்குமேல் அந்த உடம்பு திரும்பி வராது என்று நர்ஸ் சொன்னாள்.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. இடையில் ஒரு படத்தில் வேறொரு நடிகையை வைத்து, சிவப்புச் சாயம் கொட்டி, பழைய மாதிரி பொய்யாகச் சாகவைத்துப் பார்த்தார்கள். அசல் ருசி கண்ட கூட்டம் அது. "யாரை ஏமாத்துற?" என்று எழுந்து, நாற்காலி உறைகளைக் கிழித்து, திரை நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு ஓட்டை போட்டுவிட்டுத்தான் போனார்கள். அடுத்த வாரம் டைரக்டர், இப்போது வெளிச்சத்துக்கு நிற்கிற புதுப்பெண்ணின் தோளைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததைத் தச்சரின் மனைவி பார்த்தாள். நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"அந்தப் பொண்ணு எந்திரிக்காது சார்."

"எப்படிச் சொல்றே? உனக்கு வந்த மாதிரி அதுக்கும் வரலாம்."

"வராட்டி? நான் வீட்டுல உக்காந்தா அதைக் கூப்பிடுவீங்க, அது போனா இன்னொண்ணு. எனக்கு ஒரே ஒரு படம் குடுங்க. முதல்ல சாகுறவ வேண்டாம். கடைசி வரைக்கும் இருக்கிறவ. நான் உயிரோட இருக்கிறதை ஜனங்க பாக்கட்டும்."

டைரக்டர் கெட்டவர் இல்லை, தொழில் தெரிந்தவர். "கடைசிப் பொண்ணு சும்மா இருந்துட முடியாதும்மா. முகமூடிக்காரனைக் கொல்லணும். அப்பதான் ஜனம் எந்திரிச்சு வீட்டுக்குப் போகும்" என்றார். பொய்யாகக் கொன்றால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லத் தேவையில்லை. திரையில் இருந்த ஓட்டை அப்படியேதான் இருந்தது. அவள் இதை யோசித்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்து, சாப்பாட்டை எடுத்துவைத்துவிட்டு, சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். தச்சர் சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவி, துடைத்து, பிறகு சொன்னார்: "முகமூடிக்காரன் செத்துட்டா படமே இல்லை. அப்புறம் யாரும் சாக வேண்டியதில்ல. நல்லதுதானே."

"நான் எந்திரிச்சேங்க. நீங்க எந்திரிப்பீங்களா?"

"பாத்தாதானே தெரியும்."

"ரெண்டு பேருக்கும் பைத்தியம் முத்திப்போச்சு" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு விடியும்வரை உட்கார்ந்து முகமூடிக்குப் புது நாடா தைத்தாள்.

கடைசிக் காட்சி சமையலறை. தச்சர் தன் கையாலேயே போட்ட செட். இழுப்பறைகள்கூட உண்மையாகத் திறந்தன. அவள் ஓடினாள், விழ வேண்டிய இடத்தில் விழுந்தாள், ஜன்னல் கண்ணாடியில் முழங்கை கிழிந்தது. அவர் வந்தார். இந்தத் தடவை மேலே படாமல் சுவரில் குத்த வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் இத்தனை வருடம் பழகிய கை, தானாகவே அவள் பக்கம் திரும்பி அவள் தோளில் இறங்கியது. அவர் "ஐயோ" என்றார். அந்த "ஐயோ" படத்தில் இருக்கிறது. அவள் தோளிலிருந்து கத்தியை உருவி, எந்த இடம் என்று உலகத்தில் அவளைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாத இடத்தில், இரண்டு விலா எலும்புக்கு நடுவில், மேல் பக்கமாகத் தூக்கிக் குத்தினாள். அவர் மண்டியிட்டார், மேசைக் காலைப் பிடித்தார், அது ஆடுகிறதா என்று ஒரு தடவை அசைத்துப் பார்த்தார், சாய்ந்தார். ரத்தம் இழுப்பறைக்கு அடியில் ஓடியது. டைரக்டர் "கட்" என்றார். உரக்கச் சொன்னார். விளக்குப் பிடித்தவன், நர்ஸ், வண்டி ஓட்டுகிறவன் எல்லோரும் சொன்னார்கள். மனைவி அவர் காதுக்குள் சொன்னாள். சாயங்கால பஸ் போய்விட்டது.

அவரைப் புதைக்க அவள் விடவில்லை. "நான் எந்திரிக்க எவ்வளவு நேரம் ஆச்சு? ஞாயித்துக்கிழமையில எப்பவுமே இவரை எழுப்ப முடியாது. தூங்குமூஞ்சி" என்றாள். கட்டிலில் கிடத்தி, போர்வை போர்த்தினாள். உடம்பு கெடவில்லை, தூசி மட்டும் படிந்தது, தினமும் துடைத்தாள். போலீஸ்காரர் வந்தார். இத்தனை வருடம் இவள் செத்ததற்கெல்லாம் கேஸ் போடாதபோது இதற்கு மட்டும் அவசரம் என்ன என்று டீயைக் குடித்துவிட்டுப் போனார். அக்கா, "என் தம்பியைக் கொன்னுட்டியேடி" என்று முதல் நாள் அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினாள், இவள் தடுக்கவில்லை. அதற்குப் பிறகு படம் வெளிவரும்வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் ஒரே தட்டை மாற்றி மாற்றிக் கழுவினார்கள்.

படம் வெளியான அன்று மதியக் காட்சியில், முகமூடிக்காரர் விழுந்த பிறகும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பேய்ப்படத்து விதி அவர்களுக்குத் தெரியும். "உக்காருங்கய்யா. இவனுங்க ஒரு தடவையில சாக மாட்டாங்க. எந்திரிப்பான் பாருங்க" என்றார் கசாப்புக்கடைக்காரர். திரையில் முகமூடி அசையாமல் கிடந்தது. கொட்டகை மூச்சைப் பிடித்துக்கொண்டது. அதே நேரத்தில் வீட்டுக் கட்டிலில் தச்சர் எழுந்து உட்கார்ந்து, "தாகமா இருக்கு" என்றார். அக்கா கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு "தம்பி" என்று எழுந்தாள். மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் பாதி டம்ளர் குடித்திருப்பார். கொட்டகையில் மூன்றாவது வரிசையில் ஒரு பெண் தாங்க முடியாமல் மூச்சை விட்டு வீலென்று கத்தினாள். தச்சரின் முகம் அப்படியே செத்தது. அக்காவின் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மனைவிமேல் பாய்ந்தார். அவள் கன்னம் கிழிந்தது, பாத்திரங்கள் உருண்டன, அக்கா அவர் காலைக் கட்டிக்கொண்டு தரையில் இழுபட்டாள். மனைவி கைக்கு அகப்பட்ட கத்தியால் அதே இடத்தில் குத்தினாள். திரையில் அவர் எழுந்ததையும் பாய்ந்ததையும் விழுந்ததையும் எல்லோரும் பார்த்தார்கள். அப்படி ஒரு காட்சியைத் தான் எடுக்கவே இல்லை என்று டைரக்டர் சத்தியம் செய்தார். ரீல் நீளம் மாறவில்லை என்று ஆபரேட்டரும் சொன்னார். சாயங்காலக் காட்சியிலும் இதேதான் நடந்தது.

மழை கொட்டி ஒருவரும் வராத காட்சியில் அவர் எழவில்லை. கூட்டம் நெருக்கியடித்த நாளில், மூச்சைப் பிடித்தவர்கள் நன்றாகப் பிடித்த நாளில், அதிக நேரம் உட்கார்ந்திருந்தார். இதைக் கண்டுபிடித்தது அக்காதான். மறுநாளே கொட்டகைக்குப் போய், படம் தொடங்குமுன் கிழிந்த திரைக்கு முன்னால் ஏறி நின்றுகொண்டாள். "இத பாருங்க, நீங்க பயப்படத்தான் வந்திருக்கீங்க, நல்லா பயப்படுங்க. ஆனா அவன் விழுந்ததுக்கு அப்புறம் யாரும் மூச்சு விடாதீங்க. நீங்க மூச்சு விட்டா அவன் கை ஓங்கிடுது. என் தம்பியும் அவளும் ரெண்டு வார்த்தை பேசிக்கட்டும். இருமல் இருக்கிறவங்க வெளியில போய் நில்லுங்க, கோவிச்சுக்காதீங்க" என்றாள். ஊர் சிரிக்கவில்லை. அந்தப் பெண் இத்தனை வருடம் தங்களுக்காகச் செத்திருக்கிறாள் என்பது அவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது, வெட்கமாகவும் இருந்தது.

அதிலிருந்து அந்தப் படத்தைக் கொட்டகையை விட்டுத் தூக்கவே இல்லை. முறை வைத்துக்கொண்டு போனார்கள். பாண்டு வாத்தியக்காரர்களை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள், அவர்களுக்குத்தான் மூச்சு தாங்கும். நீச்சல் தெரிந்தவர்கள் அடுத்த வரிசை. பள்ளிக்கூட வாத்தியார் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். வீட்டில் தச்சர் எழுந்து உட்காருவார், தண்ணீர் குடிப்பார், ஜன்னல் கொக்கி லூசாக இருக்கிறதே என்பார். ஒவ்வொரு தடவையும் அவருக்கு எல்லாம் முதலிலிருந்துதான், முந்தைய காட்சி நினைவில் இருக்காது. அவள் ஒரே ஒரு கேள்வியைக் கேட்பாள்: "முதல் தடவை நான் எந்திரிக்காமலே போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" அவர் யோசிப்பார். யோசிக்கிற மனிதர் என்றுதான் சொன்னேனே. அவர் வாயைத் திறக்குமுன் யாராவது ஒருவர் மூச்சை விட்டுவிடுவார், கை ஓங்கும், அவள் குத்துவாள். வருடங்கள் போயின. அவள் கையிலும் கழுத்திலும் புதுப்புதுத் தழும்புகள் வந்தன. இவை வெள்ளைக் கோடாகச் சட்டென்று மூடிக்கொள்ளவில்லை, எல்லோருக்கும் ஆறுகிற மாதிரி மெதுவாக ஆறின.

ஒரு மதியம் கொட்டகை நிரம்பி, நடைபாதையிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் விழுந்தார். ஊர் மூச்சைப் பிடித்தது. கசாப்புக்கடைக்காரரின் முகம் நீலமாகிவிட்டது, பக்கத்தில் இருந்தவர் அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பாண்டுக்காரர்களின் கண்ணில் நீர் வழிந்தது. இரண்டு பேர் மயங்கிச் சாய்ந்தார்கள், சாய்ந்தவர்களும் மூச்சை விடவில்லை. வீட்டில் அவள் கேட்டாள். தச்சர் யோசித்தார். கொக்கியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நீ எந்திரிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். வேற என்ன பண்றது?"

அவள் அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அதற்குமேல் ஊரால் முடியவில்லை. கொட்டகை முழுக்க ஒன்றாக மூச்சை விட்டது, தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கை ஓங்கியது. அவள் கண்ணீரோடு இருந்ததால் கொஞ்சம் தாமதித்துவிட்டாள், உள்ளங்கை எலும்புவரை வெட்டுப்பட்டது, பிறகு குத்தினாள். அக்கா கையைக் கட்டிவிட்டு, தரையைத் துடைத்தாள். சாயங்காலக் காட்சிக்கு அவருக்கு எதுவும் நினைவில்லை. தாகமாக இருக்கிறது என்றார். அவள் கட்டுப்போட்ட கையால் தண்ணீர் கொடுத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மறுபடியும் அதையே கேட்டாள்.